அக்காவின் மாடி வெயில்

என் அக்கா மகனின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவனுக்கு இருந்த ஒரே தாய்மாமன் நான்தான். நான் போட வேண்டிய மாலையை அக்காவின் கணவர் வழியில் யாரோ ஒருவர் போட்டாராம். மேடைக்குக் கீழே நாலைந்து பேர் "தாய்மாமன் எங்கே, தாய்மாமன் எங்கே" என்று கேட்டார்களாம். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். நானே வைத்த ரசம். அதில் பெருங்காயம் போட்டிருக்கவில்லை.

பெங்களூரில், அல்சூர் ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் அப்பா கட்டிய வீடு அது. கீழ்வீடு எனக்கு, மாடி வீடு அக்காவுக்கு என்று பிரித்துக் கொடுத்திருந்தார். அதற்கு மேலே மொட்டை மாடி. அங்கே போக வேண்டுமென்றால் அக்கா வீட்டு வராந்தாவைத் தாண்டித்தான் போக வேண்டும். சந்து குறுகல். எதிர்வீடு மூன்று மாடி. எங்கள் கீழ்வீட்டில் பகலிலும் குழல்விளக்கு எரியும்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவன். எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்துகளில் சர்வே எண்களை எழுதுவதும், பிறர் எழுதியதைச் சரிபார்ப்பதும் என் வேலை. என் மனைவி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காலை ஷிப்டுக்கு ஆறரை மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவாள். அதனால் காலைச் சமையல் என்னுடையது. எங்களுக்கு ஒரே பெண். அவள் நர்சரி விட்டு மதியம் வந்தால், மனைவி திரும்பும் வரை அக்கா வீட்டில் இருப்பாள்.

அக்காவின் கணவர் ராணுவத்தில் இருந்தவர். அவரோடு பன்னிரண்டு வருடம் பஞ்சாபில் குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. அவர் இறந்த பிறகு, கல்லூரியில் சேர்ந்திருந்த மகனோடு மாடிக்கு வந்து சேர்ந்தாள். வரும்போது இரண்டு நம்பிக்கைகளைக் கொண்டுவந்தாள். ஒன்று, கோதுமை சாப்பிட்டால்தான் உடம்பு. இன்னொன்று, கறுப்பாக இருப்பது கேவலம். குவார்ட்டர்ஸ் பெண்கள் அவள் கழுத்தைக் காட்டிக் காளி, கறுப்பி என்று கூப்பிட்டார்களாம். அதை எங்களிடம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் தெருமுனைக் கடைக்குப் போவதற்குக்கூடக் குடை எடுத்துப்போவாள்.

"சோறு தின்னு தின்னுதான்டா நம்ம ஜனம் சோப்ளாங்கியா இருக்கு. பஞ்சாபுல பாரு, பல்லு மொளைக்காத கொழந்தைகூட ரொட்டியைப் புடிச்சிக்கினு இருக்கும்" என்பாள்.

"இது பஞ்சாப் இல்ல அண்ணி, அல்சூரு" என்பாள் என் மனைவி.

"ஊரு எதுவா இருந்தா என்ன, வவுறு ஒண்ணுதானே."

வயிறு ஒன்று இல்லை என்பது எங்களுக்குத் தெரியச் சில வருடங்கள் ஆயின.

குழந்தைக்கு மூன்று வயது முடியும்போது ஆரம்பித்தது. வயிறு உப்பும். கை கால் குச்சியாக இருக்கும். நாளைக்கு நாலைந்து தடவை வெளியே போவாள். எதற்கெடுத்தாலும் சிணுங்கல். எங்கள் பகுதி டாக்டர் ஒருவர் பூச்சி மருந்து கொடுத்தார், டானிக் கொடுத்தார். பிறகு, "அரிசியைக் கொறைச்சிடுங்க. கோதுமைக் கஞ்சி, சப்பாத்தின்னு குடுங்க, தேறிடுவா" என்றார். அக்கா மாடியிலிருந்து இறங்கி வந்து, "நான் சொன்னா கேக்க மாட்டீங்க, டாக்டரு சொன்னா கேப்பீங்க" என்றாள். அதன் பிறகு காலையில் கோதுமைக் கஞ்சி, மதியம் அக்கா கையால் நெய் தடவின சப்பாத்தி, சாயங்காலம் பன். நாங்கள் ஒழுங்காகச் செய்தோம். இரண்டரை வருடம் ஒரு நாள் விடாமல் செய்தோம்.

அக்காவின் இன்னொரு நம்பிக்கையும் கூடவே நடந்தது. மதியம் முழுவதும் குழந்தையை உள்ளேயே வைத்திருப்பாள். ஜன்னலுக்கு அழுத்தமான நீலத் திரை. மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூடக் குழந்தை வராந்தா நிழலில்தான் நிற்க வேண்டும். "வெயில்ல ஆடிக் கறுத்துப்போனா நாளைக்கு எவன்டி உன்னைக் கட்டிப்பான்" என்று நாலு வயதுக் குழந்தையிடம் கேட்பாள். குழந்தை அதை எங்களிடம் வந்து அபிநயம் பிடித்துக் காட்டும். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தொண்ணூற்றாறில், ஆறு வயதில், பள்ளிக்கூடத்தின் முதல் படியில் தடுக்கி விழுந்தாள். ஒரே ஒரு படி. முன்கை முறிந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த எலும்பு டாக்டர் முறிவைப் பற்றிப் பேசவே இல்லை. மணிக்கட்டைக் காட்டி, எலும்பின் ஓரம் பிய்ந்த துணிபோல இருப்பதைக் காட்டி, குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே வயிற்று நோய்க்கான ஒரு பெண் டாக்டர். வாய் வழியாகக் குழாய் விட்டு, குடலிலிருந்து துளி சதையை எடுத்துச் சோதித்தார்கள். குழாய் இறங்கியபோது என் மகள் என் கட்டைவிரலைக் கடித்தாள். அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

"கோதுமையில இருக்கிற ஒரு புரதம் இவ குடலுக்கு ஆகாது சார். உள்ள இருக்கிற சொரசொரப்பெல்லாம் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. தின்றது எதுவும் ஒட்டறதில்ல. வைட்டமின் டி சுத்தமா இல்ல. போதாததுக்கு வெயிலும் படல போலிருக்கே?" என்றார் டாக்டர். பிறகு கொஞ்சம் தயங்கி, "இது பஞ்சாப் பக்கம் அதிகமாப் பாக்குற வியாதி. தமிழ்க் கொழந்தைக்கு இருக்கும்னு யாரு நெனைப்பாங்க?" என்றார்.

அவர் சொன்ன விதிகளை நான் அலுவலகப் பென்சிலால் எழுதிக்கொண்டேன். கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாது. அரிசி, ராகி, சோளம், கம்பு தாராளம். வாரம் ஒரு பொட்டலம் வைட்டமின் பொடி, பாலில் கலந்து. கை கால் தெரிகிற மாதிரி உடுப்புப் போட்டு, பதினொரு மணிக்கு மேல் அரை மணி நேரம் வெயில்.

"எல்லாம் சரியாச் செஞ்சா?" என்று கேட்டேன்.

"செஞ்சா நல்லா வருவா. பன்னெண்டு, பதிமூணு வயசுக்குள்ள எலும்பு தேறணும். இல்லேன்னா வளைஞ்ச கால் வளைஞ்சபடியே நின்னுடும். உயரமும் வராது."

ஆறேழு வருடம் எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்திய மூன்று வருடத்தை யாரோ என்னிடமிருந்து பிடுங்கியிருந்தார்கள். யார் என்பதுதான் என் கேள்வி.

முதலில் அந்தப் பகுதி டாக்டரைத் தேடிப் போனேன். காத்திருப்பவர்கள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, ரிப்போர்ட்டை உரக்கப் படித்துக் காட்டுவது என்று திட்டம். என்ன சொல்ல வேண்டும் என்பதை ஸ்கூட்டரில் போகும்போது நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கிளினிக் பூட்டியிருந்தது. அவர் குடும்பத்தோடு வெளிநாடு போய் இரண்டு மாதம் ஆகிறது என்றார் பக்கத்து மருந்துக்கடைக்காரர். பூட்டிய ஷட்டரை ஓர் உதை உதைத்துவிட்டு வந்தேன். உதைத்த கால் வலித்தது. கோபம் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தது. வீட்டுக்கு மேலே அக்கா இருந்தாள்.

அவளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் குடுத்த ரொட்டியாலயாடா?"

"ஆமா" என்றேன். நாங்கள் கொடுத்த கஞ்சியையும் பன்னையும் பற்றிச் சொல்லவில்லை.

ஆனால் அப்போது அவளை விலக்க முடியாது. வெயில் அவளிடம்தான் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, எங்கள் வீட்டுக்குள் வெயில் விழும் இடங்களை மணிவாரியாக ஒரு தாளில் வரைந்தேன். கீழ்வீட்டில் வாசற்படியில் மட்டும் பதினெட்டு நிமிடம். மொட்டை மாடியில் காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை. அக்கா மறுபேச்சில்லாமல் வராந்தாக் கதவைத் திறந்துவிட்டாள். விடுமுறை நாட்களில் குழந்தை மாடியில் பாண்டி ஆடுவாள். அக்கா ஓரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் சமையலறையை நான் தலைகீழாக மாற்றினேன். கோதுமை டப்பா, ரவை டப்பா எல்லாம் போயின. ராகி களி, அரிசி உப்புமா, கம்பங்கூழ். அவளுக்குத் தனி வாணலி, தனிக் கரண்டி. வெளியில் எதுவும் வாங்கித் தருவதில்லை. அவள் வயிறு மட்டும் முழுதாக அடங்கவில்லை. அதற்கு எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். வெந்நீரில் பெருங்காயத்தைக் கரைத்துத் தொப்புளைச் சுற்றித் தடவினேன். மோரில் ஒரு சிட்டிகை பெருங்காயம் போட்டுத் தினமும் இரண்டு வேளை கொடுத்தேன். வாயுவுக்கு வேறென்ன செய்வார்கள்? வயிறு உப்ப உப்பச் சிட்டிகையைப் பெரிதாக்கினேன்.

எட்டு மாதம் கழித்து இரத்தம் எடுத்தார்கள். கோதுமையால் ஏறியிருந்த எண் கொஞ்சம் குறைந்திருந்தது, போதாது.

"எங்கேயோ கோதுமை உள்ள போய்க்கிட்டிருக்கு சார்" என்றார் டாக்டர். "ஒரு சிட்டிகை போதும் இந்தக் குடலைக் கெடுக்க. வீட்ல யாராவது பாவம் பாத்துக் குடுக்கிறாங்களா, பாருங்க."

அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்பே என் மனம் மாடிப்படி ஏறிவிட்டது.

இரண்டு வாரம் வேவு பார்த்தேன். சொல்லாமல் அரை நாள் லீவு போட்டு வந்து படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். அக்கா வீட்டு பிஸ்கட் டப்பாவில் எவ்வளவு இருக்கிறது என்று பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். நாற்பது வயது அரசு ஊழியன் செய்கிற காரியமா என்று அப்போது தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை, குழந்தையின் கவுன் பையில் ரஸ்க் தூள் கிடைத்தது.

"யார் குடுத்தா?"

"அத்தை. டீயில தொட்டு. ஒண்ணே ஒண்ணுப்பா. நான்தான் கேட்டேன்."

நான் சந்தில் நின்றுகொண்டு கூப்பிட்டேன். வேண்டுமென்றுதான் சந்தில் நின்றேன். அக்கா வராந்தாவுக்கு வந்தாள். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன.

"எத்தனை நாளா நடக்குது?"

"ஒரே ஒரு நாள்டா. கொழந்தை மூஞ்சியைப் பாத்தா மனசு கேக்கல. என் மேல சத்தியமா ஒரே ஒரு ரஸ்கு."

"ஒரு ரஸ்குக்கா எட்டு மாசம் ரத்தம் இப்படி இருக்கும்? என் கொழந்தைக்கு வெஷம் வெச்சுட்டு சத்தியம் வேற பண்றியா?"

"வார்த்தையை அளந்து பேசுடா."

"அளந்துதான் பேசறேன். உன் கழுத்து கறுப்புன்னு எவளோ சொன்னான்னு என் பொண்ணோட எலும்பைக் கரைச்சே. இப்ப கொடலையும் கரைக்கிறே."

அக்கா உள்ளே போனாள். கழுத்தைப் பற்றி நான் சொல்லியிருக்கக் கூடாது என்றாள் மனைவி. அன்று சாயங்காலம் வராந்தாக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது.

வெயில் போயிற்று. எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது. கெஞ்சப் போவேன் என்று அவள் எதிர்பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டு, பதிலுக்கு என்னிடம் இருந்ததைக் கையில் எடுத்தேன். எங்கள் பகுதிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். தரைக்கடித் தொட்டியும் மோட்டாரும் கீழே, என் பக்கம். அக்கா வீட்டுக்கான மேல் தொட்டிக்கு ஏற்றும் நேரத்தை நானே வைத்தேன். அவள் துணி துவைக்கும் நாளில் மோட்டாரைச் சரியாகப் பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்தினேன். மேலே குழாய் புஸ்ஸென்று காற்றுவிடும் சத்தம் கீழே கேட்கும். அந்தச் சத்தத்துக்காகக் காத்திருப்பேன்.

மகளுக்கு வெயில் வேண்டுமே. அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லி அனுமதி வாங்கி, மதிய உணவு இடைவேளையில் ஸ்கூட்டரில் ஏரிக்கரைக்கு அழைத்துப் போவேன். கை இல்லாத கவுன். சுவரை ஒட்டி நிற்கவைத்து, கையில் கடிகாரத்தோடு நான் எதிரில் நிற்பேன். "யாக் சார், மகூன பிஸில்ல நில்ஸிதீரா? ஏன் தப்பு மாட்து?" என்றார் சுண்டல் விற்கிற பெரியவர் கன்னடத்தில், பாவம் இந்தப் பிள்ளையை ஏன் வெயிலில் நிறுத்தியிருக்கிறீர்கள், என்ன தப்பு செய்தது என்கிற முகத்தோடு. "தப்பு மாடிதவரு மனேலி இதாரே" என்றேன். தப்பு செய்தவர் வீட்டில் இருக்கிறார். பெங்களூர் வானமும் என்னைப் பழிவாங்கியது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதி நாள் மேகம். மேகத்தைப் பார்த்து நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன்.

மகள் மாடிப்படி மிதிக்காமல் ஆறு மாதம் ஆன பிறகும் இரத்தம் சரியாகவில்லை. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. பள்ளிக்கூட வாசலில் வந்து கொடுக்கிறாளோ என்று சந்தேகப்பட்டு ஆயாவிடம் விசாரித்தேன். குழந்தையின் வாயை மோந்து பார்த்தேன். வெறுப்புக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டால் கண் வேறெங்கும் போவதில்லை.

மகளுக்குப் பாக்கெட்டுகளைப் படிக்கக் கற்றுக்கொடுத்திருந்தேன். நான் இல்லாத இடத்தில் அவளேதான் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். கடைக்குப் போனால் ஒவ்வொரு பாக்கெட்டின் பின்பக்கத்தையும் திருப்பி, கோதுமை என்கிற ஆங்கில வார்த்தையைத் தேடுவாள். தன்னைக் கோதுமை இன்ஸ்பெக்டர் என்று சொல்லிக்கொள்வாள். எட்டு வயது. தொண்ணூற்றெட்டு. ஒரு காலையில் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். அவள் சமையல் மேடைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பெருங்காய டப்பாவை எடும்மா."

எடுத்தவள் கொடுக்கவில்லை. திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இதுல வீட் ஃப்ளோர்னு போட்டிருக்கு. கோதுமை மாவு."

"இருக்காதும்மா. அது பெருங்காயம்."

"போட்டிருக்குப்பா. கம் அராபிக், அப்புறம் வீட் ஃப்ளோர், அப்புறம்தான் பெருங்காயம்."

வாங்கிப் பார்த்தேன். எழுத்து பொடி எழுத்து. அதைவிடப் பொடியான எழுத்தைத் தினமும் எட்டு மணி நேரம் படித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். சுத்தப் பெருங்காயத்தின் காரத்தை யாரும் தாங்க முடியாது; பிசினும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். அது என்ன மாவு என்று எங்கள் வீடுகளில் யாரும் கேட்டதில்லை. பெருங்காயத்தை நாங்கள் சாப்பாட்டுப் பொருளாகவே நினைப்பதில்லை. வாசனை, மருந்து, அவ்வளவுதான். வீட்டிலிருந்த கோதுமையை எல்லாம் வெளியே எறிந்தபோது இந்த டப்பாவைத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தது நான்தான்.

காலை ரசம். மதியச் சாம்பார். இரண்டு வேளை மோர். வயிறு வலித்தால் இன்னும் ஒரு சிட்டிகை. அக்கா கொடுத்தது ஒரு ரஸ்க். எண்ணெயில் கடுகு கருகிப் புகைந்தது. மகள்தான் எட்டி அடுப்பை அணைத்தாள்.

"அப்பா, அப்ப அத்தை இல்லையா?" என்று கேட்டாள் மகள்.

"அத்தையும்தான்" என்றேன்.

டப்பாவை எடுத்துப்போய் மூன்று சந்து தள்ளியிருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். இரவு மனைவியிடம் சொன்னேன்.

"மாடிக்குப் போய் அண்ணிகிட்ட சொல்லிட்டு வாங்க."

"சொல்றேன்."

"எப்ப?"

"சொல்றேன்னு சொன்னேன்ல."

சொல்லவில்லை. நான்கு மாதத்தில் இரத்தம் சரியானது. டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஆளைக் கண்டுபுடிச்சிட்டீங்க போல. யாரு?" என்றார். "சொந்தத்துல ஒருத்தங்க" என்றேன். அது பொய்யும் இல்லை. கோபத்தை விட்டுவிட்டால் என்னிடம் மிஞ்சுவது அந்த டப்பா மட்டும்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதனால் கோபத்தை விடவில்லை. ரஸ்க் இருந்தது, நீலத் திரை இருந்தது, எவன்டி கட்டிப்பான் இருந்தது. அவற்றைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டேன். மோட்டாரைப் பன்னிரண்டு நிமிடத்தில்தான் நிறுத்தினேன்.

அடுத்த வருடம் அக்கா மகனுக்குக் கல்யாணம். தட்டில் மஞ்சள் குங்குமம், வெற்றிலை பாக்கு, பத்திரிகையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவள் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

"பழசையெல்லாம் விடுடா. நீ வந்து நிக்கலைன்னா மேடையில என் மானம் போயிடும்."

"ரஸ்கு குடுத்தப்ப அந்த மானம் எங்க போயிருந்துச்சு?"

அவள் உடனே போகவில்லை. தட்டைப் பிடித்தபடி, நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ஒன்றும் சொல்லாததால் தட்டை மனைவி கையில் கொடுத்துவிட்டுப் படியேறினாள். கல்யாணத்துக்கு மனைவியும் மகளும் போனார்கள். நான் ரசம் வைத்துச் சாப்பிட்டேன்.

மகள் தேறினாள். கால் நிமிர்ந்தது. பதின்மூன்று வயதில் அவள் அம்மாவின் தோளைத் தாண்டினாள். இடது முழங்காலுக்குக் கீழே லேசான வளைவு மட்டும் மிச்சம். தெரிந்தவர் பார்த்தால்தான் தெரியும். ஏரிக்கரையில் நான் நின்ற மதியங்கள்தான் இதைச் செய்தன என்று நம்பினேன். அந்தப் பெருமையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தேன். ஆனால் இன்றைக்கும் யாராவது பிஸ்கட் பாக்கெட்டைக் கிழிக்கிற சத்தம் கேட்டால் என் கண் அதன் பின்பக்கத்தைத் தேடுகிறது.

இரண்டாயிரத்து ஏழில் அக்கா குளியலறையில் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர் என்னிடம், "வைட்டமின் டி இல்லவே இல்ல. இவங்க மேல வெயில் பட்டு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டார். நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்று அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப ருசித்தேன். பத்து வருடமாக மனதில் வைத்திருந்த வாக்கியத்துக்கு நேரம் வந்துவிட்டது.

அவள் மகன் புனேவிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனான். என் மகள் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். பதினேழு வயது, யாரையும் கேட்கவில்லை. வாரம் ஒரு பொட்டலம் பொடி, பாலில் கலந்து அத்தைக்குக் கொடுப்பாள். எனக்குத் தெரிந்த அதே பொடி.

ஒன்றரை மாதம் கழித்து, தினமும் அரை மணி நேரம் வெயிலில் உட்கார வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாற்காலியோடு தூக்க ஓர் ஆள் வேண்டுமென்று மகள் என்னைக் கூப்பிட்டாள். நான் அந்தப் படியில் ஏறிப் பத்து வருடம் ஆகியிருந்தது. வராந்தாக் கதவில் அதே பூட்டு கொக்கியில் தொங்கியது, திறந்தபடி, துருப்பிடித்து. மாடித் தரையில் வெள்ளைப் பெயின்டால் பாண்டிக் கட்டங்கள். கோடுகள்மேல் திரும்பத் திரும்பப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

"இது எப்ப போட்டது?" என்று கேட்டேன்.

மகள் தரையைப் பார்த்தாள். "நீங்க டப்பாவைத் தூக்கிப் போட்டீங்களே, அந்த வாரம். லீவு நாள்ல நீங்க வெளிய போனதும் இங்கதான் இருப்பேன். அம்மாவுக்குத் தெரியும்."

நாங்கள் நாற்காலியை நடு மாடியில் இறக்கினோம். சரியான வெயில், பதினொன்றேகால் மணி. அக்கா கண்ணைச் சுருக்கினாள்.

"அந்தக் கொடையை எடுத்தாடா."

"கொடை கிடையாது."

"கறுத்துப் போயிடுவேன்டா."

"போனா என்ன? எவன் உன்னைக் கட்டிக்கப் போறான்?" என்றேன்.

இதுதான் நான் சேர்த்துவைத்திருந்த வாக்கியம். அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் சிரித்தாள், சிரித்தால் இடுப்பு வலிக்கிறது என்று கையால் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பழகிடும், விடு" என்றாள். "ஒம்பது வருஷமா பெருங்காயம் இல்லாத ரசமே பழகிடுச்சு."



"எப்ப தெரியும் உனக்கு?"

"அன்னிக்கு சாயங்காலமே. உன் இன்ஸ்பெக்டர் மேல வந்து ரிப்போர்ட் குடுத்துட்டா. எங்க வீட்டு டப்பாவையும் புடிச்சிக்கினு போயிட்டா."

"அப்ப ஏன் கேக்கல?"

"பத்திரிகை வெக்க வந்தப்ப நீயா சொல்லுவேன்னு நின்னேன். எவ்ளோ நேரம் நின்னேன், பாத்தே இல்ல?" என்றாள். பிறகு வெயிலுக்காகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கண்ணைத் திறக்கும் முன் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. மகள் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்த காலோடு நின்றாள். அந்தக் காலில் எனக்கு எத்தனை பங்கு, அக்காவுக்கு எத்தனை பங்கு என்று கணக்குப் போடப் போய், வந்த சொல்லைத் தொலைத்தேன். என் ஏரிக்கரை மதியங்களையும் இவள் எடுத்துக்கொண்டுவிட்டாள் என்கிற ஆத்திரம்தான் மிஞ்சியது.

"அப்பா, அரை மணி ஆச்சு. இறக்கலாமா?"

தொட்டியின் நிழல் நகர்ந்து வந்து அக்காவின் பாதத்தைத் தொட்டிருந்தது. நான் போய் நாற்காலியின் முதுகைப் பிடித்து, இடுப்பு அதிராதபடி மெதுவாக, அவளோடு சேர்த்து வெயிலுக்குள் இழுத்தேன்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும்" என்றேன்.